சித்திரையில் வரும் இலையுதிர்காலத்துக்கு ஒரு க்ரீம் காக்டெய்ல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு சமையல் பக்கத்தில் வெளியான 'இலையுதிர்கால பூசணி க்ரீம் காக்டெய்ல்' குறிப்பு தொடர்பாக இதை எழுதுகிறேன். அதை அப்படியே செய்து பார்த்தவர்கள் கோப்பையில் திரிந்த பாலைத்தான் பார்த்திருப்பார்கள். தப்பு அவர்கள் கையில் இல்லை. க்ரீமும் ஆரஞ்சுச் சாறும் ஒரே ஷேக்கரில் சேர்ந்தால் வேறு எதுவும் நடக்காது.

முதலில் காலம். 'அக்டோபர் மாதத்துக்கு ஏற்றது' என்று குறிப்பு தொடங்குகிறது. வட அமெரிக்காவுக்கு அது சரி. நம் தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்கில், அக்டோபர் என்றால் ஜக்கராண்டா பூக்கிற வசந்தம். போதாததற்கு மாதத்தின் பாதிவரை புரட்டாசி. கறியும் மதுவும் வீட்டுக்குள் நுழையாத நாட்கள். நம் நாட்டில் இலையுதிர்காலம் மார்ச் முதல் மே வரை. சித்திரை வருடப் பிறப்பே அதற்குள்தான் வருகிறது. அப்போது டர்பன் வார்விக் சந்தையில் பட்டர்நட் என்ற சின்னப் பூசணியும் பெரிய பூசணியும் குவிந்து கிடக்கும். கொய்யா வாசம் வந்துவிடும். சீரெஸ் பக்கத்துப் பேரிக்காயும் எல்கின் ஆப்பிளும் லாரியில் வந்து இறங்கும். கொஞ்சம் பின்னால் நார்ச்சியும், அதாவது எளிதாகத் தோல் உரிகிற அந்தச் சின்ன ஆரஞ்சும், வந்து சேரும். இவ்வளவு இருக்கும்போது டின்னில் அடைத்த அமெரிக்கப் பூசணி எதற்கு? இங்கே பெரும்பாலான கடைகளில் அது கிடைப்பதும் இல்லை.

அடுத்தது அளவு. அமெரிக்கக் குறிப்பின் ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 30 மில்லி. நம் பார்களில் ஒரு டாட், அதாவது ஒரு தடவை ஊற்றும் மது அளவு, 25 மில்லி. உங்கள் குறிப்பில் மதுவின் அவுன்ஸை டாட்டாக மாற்றியவர், க்ரீமையும் சர்க்கரைப் பாகையும் 30 மில்லிக் கணக்கிலேயே விட்டுவிட்டார். அதனால் மதுவைப் பார்க்க, க்ரீமும் இனிப்பும் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டன. தொண்டையில் இறங்காத அளவுக்குத் திகட்டியதாக யாராவது சொல்லியிருந்தால் காரணம் இதுதான். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதையும் மாற்றக் கூடாது.

இங்குள்ள பொருள்களை வைத்து ஒரு கோப்பைக்கான அளவு இது: அமருலா 50 மில்லி, பிராந்தி 25 மில்லி, பட்டர்நட் பாகு 20 மில்லி, ஃப்ரெஷ் க்ரீம் 20 மில்லி, விரல் நுனியால் எடுத்த ஒரு துளி உப்பு. மேலே துருவ ஜாதிக்காய். உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பூசணியின் சுவை மேலே வராது, வெறும் இனிப்புதான் தெரியும்.

அமருலா 1989 முதல் விற்பனையில் இருக்கும் க்ரீம் மது. லிம்போபோ பக்கத்து மரூலாப் பழத்திலிருந்து வடித்த சாராயத்தை ஓக் பீப்பாயில் இரண்டு வருடம் வைத்து, பிறகு க்ரீம் சேர்த்துச் செய்வது. 17 சதவீத ஆல்கஹால். மரூலா கோடைக் கடைசியில்தான் பழுத்து உதிரும். புட்டியில் இருப்பது அந்த வருடத்துப் பழம் இல்லை என்பது வேறு விஷயம். அதில் ஏற்கெனவே இனிப்பும் க்ரீமும் தாராளமாக இருக்கின்றன. அதனால்தான் மேலே சொன்ன அளவில் இரண்டையும் குறைத்திருக்கிறேன். பிராந்தி சேர்ப்பது போதைக்காக இல்லை, இனிப்பை அறுக்க. ஓக் மணமும் பட்டை, கிராம்பு மணமும் நன்றாக ஒட்டும். நேட்டாலில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற கேன், அதாவது கரும்புச் சாராயம், இதற்கு வேண்டாம். அதற்கென்று ஒரு சுவை கிடையாது, காரம் மட்டும்தான் மிஞ்சும்.

இனி பாகு. இந்தப் பானம் நன்றாக வருவதும் கெடுவதும் இதில்தான். ஒரு கிலோ எடையுள்ள பட்டர்நட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விதையை வழித்துவிட்டு, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்து, 200 டிகிரி அடுப்பில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை சுட வேண்டும். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும், ஓரம் கொஞ்சம் கருகலாகச் சிவக்க வேண்டும். வேகவைக்காதீர்கள். வேகவைத்தால் பூசணி தண்ணீரைக் குடித்துவிடும், அந்தத் தண்ணீர் பிறகு கோப்பையில் தனியாகப் பிரிந்து நிற்கும். சுட்டால் தண்ணீர் வற்றி, பூசணியில் உள்ள சர்க்கரை சிவந்து, கருப்பட்டி வாசம் மாதிரி ஒன்று வரும். இந்தப் பானத்துக்கு வேண்டிய வாசம் அதுதான்.

சுட்ட சதையை மசித்து 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். மீதியை இரவுக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம். அதோடு பழுப்புச் சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 200 மில்லி, விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு நான்கு, தட்டிய ஏலக்காய் மூன்று, நகத்தளவு சுக்குத் துண்டு ஒன்று சேர்த்து, சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் ஊற்றி, பிழியாமல் தானாகச் சொட்டவிட வேண்டும். பிழிந்தால் நார் இறங்கிவிடும், அது க்ரீமில் மணல் போல நாக்கில் படும். சுமார் 300 மில்லி பாகு கிடைக்கும். மசியலை அப்படியே ஷேக்கரில் போடச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். ஐந்து நிமிடத்தில் மசியல் அடியில் படிந்துவிடும், மேலே வெளிறிய தண்ணீர் நிற்கும்.

மசாலாவை முழுதாகப் போடுவதற்கும் காரணம் உண்டு. பொடி கரைவதில்லை, மிதக்கும். அதிலும் பட்டைப் பொடி ஈரம் பட்டதும் கொழகொழப்பாகும். கடையில் விற்கும் மிக்ஸ்டு ஸ்பைஸ் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி போட்டு முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் பெரும்பாலும் கொத்தமல்லி விதையும் இருக்கும், பானம் குழம்பு வாசம் அடிக்கும். கிராம்பை நான்குக்கு மேல் போடாதீர்கள். அதன் எண்ணெய் நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும், பிறகு வேறு எதுவும் ருசிக்காது.

பச்சை இஞ்சி போட ஆசைப்படுபவர்கள் அதைப் பாகோடு சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும். பச்சை இஞ்சிச் சாற்றில் பால் புரதத்தை உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறது. கொதித்தால் அது செத்துவிடும். கொதிக்காத சாற்றைக் க்ரீமில் விட்டால் பானம் கொஞ்ச நேரத்தில் கட்டியாகத் தொடங்கும். பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் பாயசம் திரிவது போலவே இங்கும் திரியும். வெல்லப் பாகு நன்றாக ஆறிக் குளிர்ந்த பிறகுதான் க்ரீம் பக்கமே வர வேண்டும்.

பாகைக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சர்க்கரை இருக்கிறதே என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பூசணியில் புளிப்பு கிடையாது. புளிப்பில்லாத காய்ச்சாற்றைப் புட்டியில் அடைத்து வெளியே வைப்பது ஆபத்து. அதிகமாகச் செய்துவிட்டால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள்.

இப்போது திரிவதைப் பற்றி. பாலில் உள்ள கேசின் என்ற புரதம், புளிப்பு ஒரு அளவைத் தாண்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அந்த எல்லை, பிஎச் என்ற புளிப்பு அளவில் 4.6. ஆரஞ்சு, நார்ச்சி, எலுமிச்சை எல்லாமே அதைவிடப் புளிப்பு. கொழுப்பு நிறைந்த க்ரீமில் புரதம் குறைவு என்பதால் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பாலோ கொழுப்புக் குறைந்த க்ரீமோ தாங்காது. அமருலா போன்ற க்ரீம் மதுவில் கொழுப்புத் துளிகளைக் கலைந்துபோகாமல் வைத்திருப்பதே புரதம்தான், எனவே அதுவும் தாங்காது. இரண்டாவது எதிரி அடர்த்தியான ஆல்கஹால். 43 சதவீத பிராந்தியை நேராகக் க்ரீம் மேல் ஊற்றினால், விழுந்த இடத்தில் பொடிப்பொடியாகத் திரளும். அதனால் வரிசை முக்கியம். ஷேக்கரில் முதலில் பாகு, அதில் பிராந்தி, பிறகு அமருலா, கடைசியில்தான் க்ரீம். பிராந்தி அதற்குள் நீர்த்துவிடும்.

சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் இரண்டு தேக்கரண்டி பாகும் ஒரு தேக்கரண்டி க்ரீமும் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள். குவளையைச் சாய்த்தால் பக்கத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் பாகில் புளிப்பு இருக்கிறது. வெறும் க்ரீம் வளையம் மேலே மிதந்தால் பயப்பட வேண்டாம், அது கொழுப்பு பிரிந்தது, குலுக்கினால் சேர்ந்துவிடும். புளிப்பால் திரிந்ததுதான் திரும்பிச் சேராது. அப்படி ஆகிவிட்டால் கொட்ட வேண்டாம். மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். தெளிந்து இறங்குவதை ஐஸ் போட்டுக் குடிக்கலாம். பாலை வேண்டுமென்றே திரித்து வடிக்கும் பழைய பானவகை ஒன்று உண்டு, அதுவே இது.

அப்படியானால் நார்ச்சியை விட்டுவிடுவதா? வேண்டாம், சாற்றை மட்டும் விட்டுவிடுங்கள். மணம் தோலில் இருக்கிறது, புளிப்பு சாற்றில் இருக்கிறது. தோலின் உட்பக்க வெள்ளையைக் கத்தியால் வழித்துவிட்டு, அடுப்பில் 80 அல்லது 90 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மடக்கும்போது ஒடியும். அதில் இரண்டு துண்டைப் பாகு கொதிக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும். வெள்ளையை வழிக்காவிட்டால் கசக்கும். கேப் பக்கத்துச் சமையலில் காய்ந்த நார்ச்சித் தோல் வெகுகாலமாகப் புழங்கும் மசாலாதான். இந்த வேலைக்கெல்லாம் நேரமில்லை என்றால் வான் டெர் ஹும் வாங்குங்கள். அது பிராந்தியில் நார்ச்சித் தோல் மணம் ஏற்றிய உள்ளூர் மது. பிராந்தி 25 மில்லியில் 10 மில்லியைக் குறைத்து அதற்குப் பதிலாக இதை ஊற்றினால், உங்கள் குறிப்பு எழுதியவர் ஆரஞ்சுச் சாற்றில் தேடிய சுவை திரியாமல் கிடைக்கும். அது இனிப்பானது, பாகை 15 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொய்யாவுக்கு வழி வேறு. அதற்குத் தோல் மணம் போதாது, சதைதான் வேண்டும், சதையில் புளிப்பு உண்டு. எனவே அங்கே க்ரீமையும் அமருலாவையும் விட்டுவிட்டுத் தேங்காய்ப் பாலுக்குப் போவதே சரி. அதில் கேசின் கிடையாது. முதல் பால் 40 மில்லி, கொய்யா மசியல் 40 மில்லி, ரம் 50 மில்லி, பாகு 15 மில்லி. ஆனால் தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஐஸோடு நெடுநேரம் குலுக்கினால் மெழுகுத் துணுக்கு மிதக்கும். எட்டு விநாடிக்கு மேல் வேண்டாம், உடனே குடித்துவிட வேண்டும்.

க்ரீம் பானத்தைக் குலுக்கும் விதத்துக்கு வருகிறேன். புட்டி, பாகு, க்ரீம், கோப்பை எல்லாம் முன்பே குளிர்ந்திருக்க வேண்டும். ஏப்ரல் மாத டர்பன் சூட்டில் வெளியே இருந்த புட்டியை எடுத்துக் குலுக்கினால், பானம் குளிர்வதற்குள் ஐஸ் பாதி கரைந்துவிடும். பெரிய கட்டிகளாக ஆறு ஏழு போட்டு 12 முதல் 15 விநாடி பலமாகக் குலுக்குங்கள். ஷேக்கரின் வெளிப்பக்கம் பனி படர்ந்தால் போதும். ஐஸ் கரைந்து ஏறக்குறைய 30 மில்லி தண்ணீர் சேரும், அது கணக்கில் உள்ளது. இதற்கு மேல் குலுக்கினால், அதுவும் கெட்டியான டபுள் க்ரீம் போட்டிருந்தால், வெண்ணெய் திரளத் தொடங்கும். டபுள் க்ரீம் வேண்டாம் என்பதற்கு அது ஒன்றே போதும். சன்னமான வடிகட்டியில் வடித்து, ஜாதிக்காயை அப்போதே துருவுங்கள். டப்பாவில் விற்கும் ஜாதிக்காய்ப் பொடியில் தூசி வாசம்தான் மிஞ்சியிருக்கும்.

விருந்துக்கு ஜக்கில் கலந்து வைப்பவர்களுக்கு: பத்துப் பேருக்கு அமருலா 500 மில்லி, பிராந்தி 250, பாகு 200, க்ரீம் 200. இதோடு குளிர்ந்த தண்ணீர் 300 மில்லி சேர்க்க வேண்டும். ஐஸ் கரைந்து சேரும் தண்ணீருக்கு ஈடு அது. அதை விட்டுவிட்டால் பானம் பசை போல நிற்கும். ஜக்கில் ஐஸ் போடவே கூடாது, மூடிக் குளிர்பெட்டியில் நான்கு மணி நேரம் வைத்து, ஊற்றும் முன் ஒவ்வொரு தடவையும் கலக்குங்கள். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். மின்வெட்டு இருந்த நாளில் க்ரீமை முகர்ந்து பார்க்காமல் சேர்க்க வேண்டாம்.

ஜோஹன்னஸ்பர்க், லெனேஷியா பக்கம் மே மாத இரவில் குளிர்ந்த பானத்தை யாரும் தொட மாட்டார்கள். அங்கே 150 மில்லி முழுப் பாலில் பாகு 20 மில்லி கலந்து 65 டிகிரி வரை சூடாக்குங்கள். அளவுமானி இல்லாவிட்டால், பாத்திர ஓரத்தில் சின்னக் குமிழி கட்டி ஆவி எழும்போது இறக்குங்கள், பொங்கவிட வேண்டாம். இறக்கிய பிறகே அமருலா 50 மில்லி. பிராந்தி இதற்கு வேண்டியதில்லை, சூட்டில் அதன் காரம் மூக்கில் ஏறும்.

உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம், இதில் மது எவ்வளவு என்பது. 50 மில்லி அமருலாவில் சுத்த ஆல்கஹால் 8.5 மில்லி, 25 மில்லி பிராந்தியில் 10.75. மொத்தம் 19 மில்லிக்கும் கொஞ்சம் மேல். நம் நாட்டில் ஒரு யூனிட் என்பது 15 மில்லி, ஆக ஒரு கோப்பையே ஒரு யூனிட்டைத் தாண்டுகிறது. க்ரீமும் இனிப்பும் அதை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடும். வண்டி ஓட்டுபவர்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம். இரண்டாவது கோப்பை கேட்பவரிடம் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு இது கிடையாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மில்க்‌ஷேக் போலத் தோற்றமளிப்பதால் மேசையில் பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இலையுதிர்காலத்திலேயே புனித வெள்ளியும் வருகிறது. அந்த நாட்களில் இசிபிங்கோ, மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில்களுக்கு விரதம் இருந்து போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு மதுவில்லாமல் செய்ய ரூயிபோஸ் என்ற சிவப்பு மூலிகைத் தேநீர் நன்றாக உதவும். 200 மில்லி க்ரீமில் நான்கு பை போட்டு, கொதிக்கும் முன் இறக்கி, பத்து நிமிடம் ஊறவைத்து எடுங்கள். சாதாரணத் தேயிலையைப் போல் துவர்ப்பு ஏறாது. குளிர்ந்த பிறகு இந்தக் க்ரீம் 40 மில்லி, பால் 60 மில்லி, பாகு 20 மில்லி, ஒரு துளி உப்பு சேர்த்து, அதே மாதிரி குலுக்கி, அதே ஜாதிக்காய். உங்கள் குறிப்பில் மேலே அலங்காரத்துக்கு மார்ஷ்மெல்லோ வைக்கச் சொல்லியிருந்தது. அதில் ஜெலட்டின் இருக்கும். விரதக்காரர்கள் கோப்பையில் அதை வைத்துவிடாதீர்கள். பொடியாக நறுக்கி வறுத்த மக்கடேமியா தூவினால் போதும், அதுவும் நம் மாகாணத்தில் விளைவதுதான்.

திருத்தத்தை வெளியிடுவதானால், அளவுகள் எல்லாவற்றையும் மில்லியிலேயே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்